உதட்டின் இடது ஓரம்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் அக்கா சொல்லிவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை. அவள் என் வாயில் ஒரு ஸ்ட்ராவைச் செருகி, அதைக் கன்னத்தோடு சேர்த்து பிளாஸ்டர் போட்டு ஒட்டி, "இப்ப நீ வாயைத் திறக்கக் கூடாது" என்றாள். நான் பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் அதிகமாகச் சொன்ன வாக்கியம் அதுதான். பிளாஸ்டரும் கையுமாகச் சொன்னது மட்டும் அன்றுதான்.

அக்கா ஒரு பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். நான் துப்பறியும் கதைகள் எழுதிப் பிழைப்பவன். எத்தனையோ குற்றங்களைக் கண்டுபிடித்திருக்கிறேன், எல்லாம் நானே செய்து நானே கண்டுபிடித்தவை. நான் செய்யாத ஒரு குற்றத்தை முதன்முதலாகக் கண்டுபிடித்தது அந்த மேசையில்தான். இதை எழுதும்போது மேசைக்கடியில் என் கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருக்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் காலைத் திட்டுங்கள்.

(அக்கா இதைப் படித்துவிட்டுச் சொன்னது: "கண்டுபிடிச்சது நான். நீ 'ம்ம் ம்ம்'னு முனகுன, அவ்வளவுதான்." இந்தச் சண்டை ஐந்தாம் பகுதியில் வரும். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

தொடக்கம் சரியாக அமைய வேண்டுமே என்று தவித்ததில் எழுதியவை இவை.

*அந்த அறையில் இயந்திரங்கள் மட்டுமே மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.*

எழுதிவிட்டு எனக்கு நானே கை கொடுத்துக்கொள்ளாத குறை. அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப மனுஷங்க எல்லாம் செத்துட்டாங்களா?" என்றாள். அடித்துவிட்டேன்.

*அவர் புல்லாங்குழல் கலைஞர். அவருடைய உதடுகளுக்காக ஊரே*

இதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். உதட்டில் புண் வரும் கதை என்றால் விலைமதிப்புள்ள உதடாக இருக்க வேண்டாமா என்று நினைத்திருந்தேன். அக்கா கேட்டாள்: "ஏன்டா, புல்லாங்குழல் வாசிக்கிறவருக்கு மட்டும்தான் உதடு வலிக்குமா? மத்தவங்களுக்கெல்லாம் என்ன ரப்பரா?" கலைஞரை வலியில்லாமல் கதையிலிருந்து அனுப்பிவைத்தேன்.

ஆகவே உண்மையானவரே வரட்டும். துணி தைக்கும் ஓர் அம்மா. தெருமுனையில் கடை, ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைப்பார். நுரையீரலில் கடுமையான தொற்று, தானாக மூச்சு விட முடியாத நிலை. வாய் வழியாக ஒரு குழாயைத் தொண்டைக்குள் இறக்கிச் சுவாசக் கருவியோடு இணைத்திருந்தார்கள். மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருந்தார்கள்.

அந்தக் குழாய் நழுவினால் உயிர் போய்விடும். அதனால் கன்னத்தோடு கன்னமாக பிளாஸ்டர் போட்டு இறுக்கி வைப்பார்கள். உயிரைக் காப்பாற்றும் அதே குழாய், வாயின் ஓரத்தில் ஒரே இடத்தை அழுத்திக்கொண்டே இருக்கும். செருப்பு கடித்தால் நாம் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடப்போம். அவர்களால் 'வலிக்கிறது' என்றுகூடச் சொல்ல முடியாது. அதனால் நர்ஸ்கள் அந்தக் குழாயை ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் ஒரு முறை வாயின் ஓர் ஓரத்திலிருந்து மற்ற ஓரத்துக்கு மாற்றுவார்கள். பழைய பிளாஸ்டரை ஈரப்படுத்தி மெல்ல உரிப்பார்கள். கன்னத்தைத் துடைத்து, ஈரம் போக ஒற்றி எடுத்து, பிளாஸ்டர் நேராகத் தோலில் படாமல் கீழே மெல்லிய பஞ்சுத் தகடு வைப்பார்கள். உதட்டுக்குக் களிம்பு போடுவார்கள்.

இத்தனையும் செய்தும் அந்த அம்மாவின் இடது உதட்டோரத்தில் புண் வந்தது. நாளுக்கு நாள் அது பெரிதாகவும் ஆனது. மர்மம் இதுதான்.

3

அந்தப் புண்ணை முதலில் பார்த்தது மருத்துவர் இல்லை, நர்ஸும் இல்லை. அந்த அம்மாவின் மகள்.

மகளுக்கு வேலை ஒரு பேக்கரியில், கேக்கின் மேல் பெயர் எழுதுவது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது கேட்காமல் போய்விட்டது. பேசுவாள், ஏற்ற இறக்கம் இல்லாத குரலில். எதிராளி பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள்.

(இங்கே நீங்கள் புருவத்தை உயர்த்துகிறீர்கள். உதட்டுப் புண் கதையில் உதட்டைப் படிக்கும் மகளா, ரொம்ப வசதியாக இருக்கிறதே என்று. நானும் அதையேதான் அக்காவிடம் கேட்டேன். "நீ கற்பனை பண்ணின புல்லாங்குழல்காரரை நான் நம்பணும், நான் கண்ணால பாத்த பொண்ணை நீ நம்ப மாட்டியா?" என்றாள். மகளை அப்படியே வைத்துக்கொண்டேன்.)

ஐசியூவில் எல்லோரும் மாஸ்க் போட்டிருப்பார்கள். அவளுக்கு அந்த அறை முழுக்க வாயில்லாத மனிதர்கள். முதல் நாள் எல்லோர் கண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அழுதிருக்கிறாள். அக்கா அவளைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போய், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, தான் இந்தப் பக்கம் தனியாக நின்று மாஸ்க்கை இறக்கிப் பேசினாள். கண்ணாடி தடிமன், ஒரு சொல்கூட வெளியே கேட்காது. அந்தப் பெண்ணுக்கு எல்லாமே கேட்டது. அன்றிலிருந்து பார்வையாளர் நேரமான மதியத்தில் இருவரும் அந்தக் கண்ணாடியில்தான் பேசிக்கொள்வார்கள். அவள் தன் பங்கை பேக்கரி ரசீதுகளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவாள், கேக் எழுத்தைப் போலவே வளைவு வளைவாக.

ஒரு மதியம் அவள் எழுதவில்லை. உள்ளே வந்து, அக்காவின் கையைப் பிடித்து அம்மாவின் வாயோரத்தைக் காட்டி, வாய்விட்டே கேட்டாள்.

"சிஸ்டர், இது ஆறினா தழும்பாகுமா? ஓரம் இழுத்துக்குமா?"

அக்கா கையால் 'சின்னப் புண்தான்' என்று காட்டியிருக்கிறாள்.

"மத்தவங்க பேசினா எனக்குப் பாதி புரியும், பாதி ஊகம்தான். அம்மா பேசினா மட்டும் ஊகிக்கவே வேண்டாம். அவங்க வாய் மாறிட்டா நான் யார்கிட்ட பேசுவேன்?"

அடுத்து அவள் சொன்னதில் அக்காவுக்குக் கோபம் வந்தது.

"நான் எப்ப வந்தாலும் டியூப் இந்தப் பக்கமேதான் இருக்கு. நீங்க யாரும் மாத்துறதே இல்லையா?"

4

இனி என் வேலை. சந்தேகத்துக்கு உரியவர்கள்.

பிளாஸ்டர் மோசமாக இருக்கலாம். ஆனால் அதே பிளாஸ்டர் போட்ட மற்ற படுக்கைக்காரர்களுக்குப் புண் இல்லை. எச்சில் வடிந்து தோல் ஊறியிருக்கலாம். ஆனால் வலது ஓரம் நன்றாக இருந்தது. எனவே மிச்சம் இருப்பது மனிதர்கள்தான்.

அக்கா பகல் ஷிஃப்ட். ஒவ்வொரு நாளும் தன் ஷிஃப்ட் முடிவதற்குள் தவறாமல் குழாயை மாற்றியிருக்கிறாள். அவள் சொன்னால் நான் நம்புவேன், நம்பாவிட்டால் சாப்பாடு கிடைக்காது. அப்படியானால் இரவு ஷிஃப்ட்.

இரவு ஷிஃப்ட் நர்ஸுக்கு அந்தப் பிரிவில் பட்டப்பெயர் 'கறார்'. படுக்கை விரிப்பு ஒரு விரல் அளவு கோணலாக இருந்தாலும் பிரித்து மறுபடி விரிப்பார். அவருடைய பேனாவை யாராவது எடுத்தால் மூடி இருக்கும் திசையை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். அக்கா ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அவரைத் தனியாக அழைத்துக் கேட்டாள்.

"தம்பி, தப்பா நினைக்காதே. அந்த அம்மாவுக்கு டியூப் பக்கம் மாத்துறியா?"

"அக்கா, நான் வந்ததும் கை கழுவிட்டுச் செய்யுற முதல் வேலையே அதான். என்னைப் பாத்து இப்படிக் கேட்டுட்டீங்களே."

அதன் பிறகு இருவருக்கும் பேச்சு சரியில்லை. 'குட் மார்னிங்' மட்டும்.

*கறாரின் கண்களில் ஒரு குளிர் இருந்தது. அவர் அந்த அம்மாவைப் பார்த்த பார்வையில்*

இதையும் நிறுத்திவிட்டேன். அவரை வில்லனாக்கி ஒரு முழுப் பகுதி எழுதி வைத்திருந்தேன். கையில் தழும்புகூட வைத்திருந்தேன். ஒரு நாள் அவரை நேரில் பார்த்தேன். அக்கா ஐசியூவில் மறந்து விட்டுப்போன சாப்பாட்டு டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். கழுவி, துடைத்து, மூடியின் ரப்பரைத் தனியாகக் காய வைத்து எடுத்து வந்திருந்தார். இந்த ஆளை வைத்துக்கொண்டு எந்தக் குற்றத்தையும் செய்ய முடியாது. தழும்பை எடுத்துவிட்டேன்.

அடிக்குறிப்பு போல ஒன்று: குழாயைப் பக்கம் மாற்றுவது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் குழாயை அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் உரித்து மாற்றி ஒட்ட வேண்டும். பிறகு குழாயில் உள்ள அளவுக்கோடு உதட்டோரத்தில் பழைய இடத்திலேயே நிற்கிறதா என்று பார்த்து, நெஞ்சின் இரு பக்கமும் மூச்சு போகிறதா என்று கேட்க வேண்டும். அதனால் கைக்கு ஆள் கிடைக்கும் நேரத்தில்தான் செய்வார்கள். ஆள் அதிகம் கிடைப்பது ஷிஃப்ட் மாறும் நேரத்தில். இதை நான் அலட்டாமல் இங்கே போட்டுவைக்கிறேன். துப்பறியும் கதைக்காரன் துப்பை இப்படித்தான் வைப்பான்.

5

ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிட்டோம்.

"நீதான் பெரிய துப்பறிவாளன் ஆச்சே, படு" என்றாள் அக்கா. சாப்பாட்டு மேசையில் என்னைப் படுக்க வைத்தாள். ஸ்ட்ராதான் குழாய், நான்தான் அந்த அம்மா. மாமா கறார். மாமா என்றால் அக்காவின் கணவர், குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமையும் ஏதோ ஒரு வேலையில் தன்னை மாட்டிவிடுகிறார்கள் என்ற முகத்தோடு வந்தார்.

ஸ்ட்ரா என் இடது ஓரத்தில்.

"இப்ப சாயங்காலம். என் ஷிஃப்ட் முடியப் போகுது, போறதுக்கு முன்னாடி மாத்திடறேன்" என்றாள் அக்கா. ஒரு விரலால் என் தோலை அழுத்திப் பிடித்து, மறு கையால் பிளாஸ்டரைத் தாழ்வாக, அதன் மேலேயே மடித்து மடித்து உரித்தாள். வலிக்கவே இல்லை. ஸ்ட்ரா வலது ஓரத்துக்குப் போனது. "நான் வீட்டுக்குப் போறேன்" என்று சமையலறைக்குள் போனாள்.

மாமா வந்தார். "வந்ததும் முதல் வேலை" என்று பிளாஸ்டரைப் பிடித்து ஒரே இழுப்பு. என் மீசையில் ஒரு பகுதி அதோடு போய்விட்டது. ஸ்ட்ராவை இடது ஓரத்தில் வைத்து ஒட்டினார். "இப்ப ராத்திரி பூரா நான் இங்கயேதான் நிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அக்கா வந்தாள். "விடிஞ்சாச்சு. பாரு, நான் வலது பக்கம் வச்சுட்டுப் போனேன், இப்ப இடது பக்கம் இருக்கு. அப்ப கறார் மாத்தியிருக்கான். அவன் பொய் சொல்லல." பகல் முழுவதும் ஸ்ட்ரா இடது ஓரத்திலேயே இருந்தது. பகல் என்பது அவள் வெங்காயம் நறுக்கி முடிக்கும் நேரம். பிறகு மறுபடி வலது ஓரத்துக்கு மாற்றினாள், போனாள். மாமா வந்தார், இடது ஓரத்துக்கு மாற்றினார்.

மேசையில் படுத்திருந்த எனக்கு ஒன்று உறைத்தது. இடது ஓரம் எரிகிறது, எச்சிலில் ஊறிக் கிடக்கிறது. வலது ஓரமோ புதிதாக இருக்கிறது. அக்கா சமையலறைக்குப் போவதற்கும் மாமா வருவதற்கும் இடைப்பட்ட கொஞ்ச நேரம் தவிர அந்தப் பக்கம் ஸ்ட்ராவே இல்லை.

"ம்ம்ம்" என்றேன்.

"பேஷண்ட் மயக்கத்துல இருக்கார். சத்தம் வரக் கூடாது."

"ம்ம்ம், ம்ம்ம்."

"ஏங்க, அவன் கையைப் பிடிச்சுக்கோங்க."

நான் மாமாவின் கையைத் தட்டிவிட்டு, என் இடது உதட்டோரத்தைக் குத்திக் காட்டினேன். அக்காவைக் காட்டினேன், மாமாவைக் காட்டினேன், மறுபடி இடது ஓரத்தைக் காட்டினேன். வாயில் விடை இருக்கிறது, சொல்ல வாய் இல்லை. அந்த அம்மாவின் நிலை அந்த நொடியில் எனக்கு முழுசாகப் புரிந்தது. அவருடைய உதட்டுக்கு இத்தனை நாளும் இது தெரிந்திருக்கும்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். என் வலது ஓரத்தைப் பார்த்தாள். இடது ஓரத்தைப் பார்த்தாள்.

"அடப்பாவி" என்றாள், மெல்ல. "நாங்க ரெண்டு பேருமே மாத்தியிருக்கோம்."

(கண்டுபிடித்தது யார்? நீங்களே சொல்லுங்கள். முனகியவனா, முனகலை மொழிபெயர்த்தவளா?)

அக்கா போகும்போது மாற்றுவாள், கறார் வந்ததும் மாற்றுவார். இரண்டு மாற்றமும் ஒரே அந்தி நேரத்தில், ஒன்றன் பின் ஒன்றாக. போன குழாய் உடனே திரும்பி வந்துவிடும். இரவு முழுவதும் இடது, பகல் முழுவதும் இடது. காலையில் அக்கா பார்ப்பது இடது, தான் விட்டுப்போனது வலது, ஆகவே 'அவன் மாத்திட்டான்'. மாலையில் கறார் பார்ப்பது வலது, தான் விட்டுப்போனது இடது, ஆகவே 'அக்கா மாத்திட்டாங்க'. "டியூப் மாத்தியாச்சு" என்று ஒருவருக்கொருவர் ஒப்படைக்கும்போது சொல்லவும் செய்தார்கள். இருவரும் உண்மைதான் சொன்னார்கள். மதியம் வந்த மகளும் உண்மைதான் சொன்னாள்.

நான் எழுதிய எந்தக் கதையிலும் இப்படி ஒரு குற்றம் இல்லை. இருவரில் ஒருவர் சோம்பேறியாக இருந்திருந்தால் அந்த உதடு தப்பியிருக்கும்.

6

இந்த இடத்தில் ஒன்றைக் காட்டியே ஆக வேண்டும். இந்தக் கதைக் கோப்பை அக்காவும் திறந்து திருத்தும்படி வைத்திருந்தேன். இரண்டாம் பகுதியில் நான் எதிரே நின்று பார்ப்பதாக நினைத்துப் புண்ணை 'வலது ஓரம்' என்று எழுதியிருந்தேன். கண்ணில் பட்டதும் 'இடது' என்று மாற்றினேன். அக்காவுக்கு நான் முதலில் அனுப்பியிருந்த படியில் தவறு இருந்தது நினைவில் இருந்திருக்கிறது. கோப்பைத் திறந்தாள், நான் மாற்றியது தெரியாமல், இருப்பது தவறு என்ற நினைப்பிலேயே அவளும் இடதை வலதாக மாற்றினாள். இருவரும் அக்கறையோடு திருத்தினோம், தவறு பத்திரமாக இருந்தது. நாங்கள் போனில் சிரித்த சிரிப்பில் மாமா டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்கே திரும்புவோம். என் கன்னத்தில் பிளாஸ்டர் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அக்கா கறாருக்கு போன் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"தம்பி, இருக்கியா?"

"அக்கா, அப்ப நான் என் வேலையைச் செய்யாம இருந்திருந்தா அந்த அம்மாவுக்கு நல்லா இருந்திருக்குமா?"

"நானும்தான்டா."

"என்னால இதைத் தாங்க முடியல அக்கா" என்றவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். கறார் சிரித்து அக்கா கேட்டது அதுதான் முதல் முறையாம்.

திங்கட்கிழமையே புது வழக்கம் வந்தது. வேலைக்கு வருகிறவர் மட்டுமே மாற்ற வேண்டும். போகிறவர் தொடக் கூடாது, எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். படுக்கையின் தலைமாட்டில் அட்டை அம்புக்குறி ஒன்று, குழாய் இருக்கும் பக்கம் திருப்பி வைக்க. அம்பைக் கறார் வெட்டினார், ஸ்கேல் வைத்து. அந்த அம்மாவுக்கு மட்டும், புண் ஆறும்வரை குழாய் வலது ஓரத்திலும் நடுவிலும்தான் என்று மருத்துவரைக் கேட்டு முடிவு செய்தார்கள்.

போகும்போது மாற்றாமல் வருவது அக்காவுக்குப் பெரிய பாடாக இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தப் படுக்கையைக் கடந்து போவாளாம்.

அந்தப் பெண் மதியம் வந்தாள். அம்புக்குறியைப் பார்த்தாள், அம்மாவின் வாயைப் பார்த்தாள், கண்ணாடிக்குப் போனாள். அக்கா மாஸ்க்கை இறக்கி முழுக் கதையையும் சொன்னாள், ஸ்ட்ரா, மீசை எல்லாம் சேர்த்து. அவள் ரசீதின் பின்னால் எழுதிக் காட்டியது: 'உங்க தம்பி மீசை முளைச்சிடுச்சா?'

7

முடிவுகள்.

(அ) *புண் ஆறியது, தழும்பு இழுத்துக்கொண்டது, மகள் அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டே*

முடியாது. எழுத முடியும், எழுத மாட்டேன்.

(ஆ) *குழாயை எடுத்ததும் அம்மா முதலில் சொன்னது மகளின் பெயரை.* அக்கா இதற்கும் விடவில்லை: "பேரெல்லாம் யாரும் சொல்றதில்லடா. முதல்ல தண்ணிதான் கேப்பாங்க."

(இ) நடந்தது.

ஒரு காலையில் குழாயை எடுத்தார்கள். மருத்துவர், அக்கா, ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாத கறார் மூவரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மகளையும் உள்ளே விட்டிருந்தார்கள். தொண்டையில் அத்தனை நாள் குழாய் இருந்ததால் அந்த அம்மாவுக்குக் குரல் வரவில்லை. உதடு அசைகிறது, காற்று மட்டும் வருகிறது. மருத்துவர் காதைக் கொண்டுபோனார். அக்கா குனிந்தாள். கறாரும் குனிந்தார். யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

கட்டிலின் கால்மாட்டிலிருந்து ஏற்ற இறக்கமில்லாத அந்தக் குரல் வந்தது.

"கொஞ்சம் நகருங்க. மறைக்கிறீங்க."

காது கேட்கிற மூன்று பேரும் நகர்ந்தார்கள்.

அம்மா மகளைப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. இடது ஓரத்தில் ஒரு சின்னப் பழுப்புப் பொருக்கு, அந்த ஓரம் மட்டும் கொஞ்சம் தாமதமாக எழுந்தது. மகளின் நெற்றி சுருங்கியது. கறார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாராம்.

"திருப்பிச் சொல்லும்மா."

அம்மா திருப்பிச் சொன்னார்.

அந்தப் பெண் சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொன்னாங்க?" என்று அக்கா கேட்டாள், மாஸ்க்கோடு. பிறகு ஞாபகம் வந்து பின்னால் போய், மாஸ்க்கை இறக்கி மறுபடி கேட்டாள்.

"அது எனக்குச் சொன்னது" என்றாள் அந்தப் பெண்.

அவ்வளவுதான், எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. நான் எதையெல்லாமோ போட்டுப் பார்த்தேன். தண்ணீர், 'சாப்பிட்டியா', கடையின் சாவி, தைக்காமல் கிடக்கும் சீருடைகள். ஒவ்வொன்றையும் எழுதியதும் அந்தக் குரல் வந்து என்னையும் நகரச் சொல்கிறது.

ஆகவே நீங்கள்தான் முடிக்க வேண்டும். வீட்டில் உங்கள் முகத்தைப் பார்த்தே உங்களைப் படிக்கிற ஒருவர் இருப்பார். அவர் எதிரே போய் நில்லுங்கள். அந்த அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அதைச் சத்தமில்லாமல் உதட்டால் மட்டும் சொல்லுங்கள். புரியவில்லை என்றால் திருப்பிச் சொல்லுங்கள். கதையின் கடைசி வாக்கியம் அதுதான்.

நான் நகர்ந்துகொள்கிறேன். இவ்வளவு நேரமும் மறைத்துக்கொண்டுதான் நின்றேன்.